விற்பனை சரியும்போது விலையை முதலில் தொடாதீர்கள்: மாறும் சந்தையில் உத்தி வகுப்பது எப்படி?

கேட்கப்பட்ட கேள்வியின் சுருக்கம் இது. அலுவலக நாற்காலிகளும் மேசைகளும் தயாரித்து, பதினான்கு ஆண்டுகளாக டீலர்கள் வழியாக நிறுவனங்களுக்கு விற்றுவரும் ஒரு நடுத்தர நிறுவனத்தில், கடந்த இரண்டு ஆண்டுகளாக ஆர்டர்கள் குறைந்துகொண்டே வருகின்றன. இணையத்தில் விற்பவர்கள் குறைந்த விலைக்குத் தருகிறார்கள்; பழைய வாடிக்கையாளர்கள் சிலர் காரணம் சொல்லாமலே விலகிவிட்டார்கள். விலையைப் பத்து விழுக்காடு குறைப்பதா, விளம்பரச் செலவை இரட்டிப்பாக்குவதா, நேரடியாக இணைய விற்பனையில் இறங்குவதா என்று நிர்வாகத்துக்குள் மூன்று கருத்துகள் இருக்கின்றன. இந்த நிலையில் வணிக உத்தியையும் சந்தைப்படுத்தல் உத்தியையும் எங்கிருந்து தொடங்குவது?

இந்த மூன்றில் எதையும் இப்போது செய்ய வேண்டாம் என்பதே என் முதல் பதில். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோய்க்கு மருந்து. உங்களுக்கு வந்திருக்கும் நோய் எது என்பதை இன்னும் யாரும் பார்க்கவில்லை. "சந்தை மாறிவிட்டது" என்ற சொற்களை நிர்வாகக் கூட்டங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னவுடன் எல்லோரும் தலையசைப்பார்கள். ஆனால் எது மாறியது என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னால், உற்பத்திப் பிரிவு ஒன்றை எழுதும், விற்பனைப் பிரிவு இன்னொன்றை எழுதும், கணக்குப் பிரிவு மூன்றாவதாக ஒன்றை எழுதும். உங்கள் நிர்வாகத்தில் மூன்று கருத்துகள் இருப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கக்கூடும். மூன்று பேரும் தீர்வைப் பற்றி வாதிடுவதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் மூன்று வேறு வேறு பிரச்சினைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மாற்றம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் நான்கில் ஒன்றாகவோ, இரண்டு மூன்று சேர்ந்ததாகவோ இருக்கும். வாங்குபவர் மாறியிருக்கலாம்: இருநூறு நாற்காலிகளை ஒரே ஆர்டரில் வாங்கிய நிறுவனத்தின் ஊழியர்களில் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டால், நிறுவனம் நூறோடு நின்றுவிடும், மீதி நூறு பேர் தனித்தனியாகத் தங்கள் சொந்தப் பணத்தில் வாங்குவார்கள். வாங்கும் காரணம் மாறியிருக்கலாம்: பத்து வருடம் உழைக்குமா என்று கேட்டவர்கள் இப்போது முதுகுவலி வராதா என்று கேட்கிறார்கள். வாங்கும் வழி மாறியிருக்கலாம்: டீலர் அட்டவணையைத் திறந்து காட்டுவதற்கு முன்பே, வாங்க வருபவர் பத்து மாடல்களை ஒப்பிட்டு, பிறருடைய மதிப்புரைகளையும் படித்துவிட்டு வருகிறார். இந்த மூன்றையும் கொஞ்சம் கவனித்தால் யாரும் கண்டுகொள்ளலாம். நான்காவதுதான் கண்ணுக்குப் படாமல் நடப்பது: பொருளின் விற்பனை அப்படியே இருக்க, லாபம் கிடைக்கும் இடம் வேறெங்கோ நகர்ந்துவிடுவது.

கோடாக் நிறுவனத்தின் கதையை எல்லோரும் சொல்வார்கள், பெரும்பாலும் தவறாகச் சொல்வார்கள். டிஜிட்டல் தொழில்நுட்பத்தைக் கவனிக்காமல் விட்டதால் வீழ்ந்தது என்பதே வழக்கமான விளக்கம். ஆனால் முதல் டிஜிட்டல் கேமராவை 1975-இல் உருவாக்கியவரே கோடாக்கின் பொறியாளரான ஸ்டீவன் சாசன். அதன் எடை சுமார் மூன்றரை கிலோ. ஒரு படத்தை கேசட் நாடாவில் பதிய அதற்கு 23 நொடிகள் ஆயின. பின்னாளில் கோடாக் டிஜிட்டல் கேமராக்களைத் தயாரிக்கவும் செய்தது. 2005-இல் அமெரிக்காவில் அவற்றின் விற்பனையில் முதலிடத்தில் இருந்தது. அப்படியிருந்தும் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. கோடாக்குக்குச் சோறு போட்டது கேமரா அல்ல. படச்சுருளும், அதைக் கழுவும் ரசாயனமும், அச்சிடும் தாளும். டிஜிட்டல் கேமராவில் முதலிடம் பிடித்தாலும், ஒருவர் ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் வந்துகொண்டிருந்த அந்தப் பணம் திரும்பி வரவில்லை. விற்பனை எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு அந்த நிறுவனம் நன்றாகவே நடப்பதாகத் தோன்றியிருக்கும்.

ஆகவே முதல் வேலையைக் கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். கடந்த மூன்று அல்லது நான்கு ஆண்டுகளின் விற்பனையை எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் வாரியாகப் பிரிக்காமல் வாடிக்கையாளர் வாரியாகப் பிரியுங்கள். மாடல் வாரியான அறிக்கை உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். எந்தப் பொருள் ஓடவில்லை என்பதை அது சொல்லும், யார் வரவில்லை என்பதைச் சொல்லாது. வாடிக்கையாளர் வாரியாகப் பார்க்கும்போது சரிவு மூன்று வடிவங்களில் ஒன்றாகத் தெரியும். பழையவர்கள் முற்றிலும் நின்றுபோயிருக்கலாம். பழையவர்கள் தொடர்ந்து வாங்கினாலும் ஒவ்வொரு ஆர்டரும் சிறியதாகியிருக்கலாம். பழையவர்கள் அப்படியே இருக்க, ஆண்டுதோறும் இயல்பாக உதிர்பவர்களின் இடத்தை நிரப்பப் புதியவர்கள் வராமல் போயிருக்கலாம். முதலாவது என்றால் உங்கள் சேவையிலோ போட்டியாளரின் வாக்குறுதியிலோ ஏதோ நடந்திருக்கிறது. இரண்டாவது என்றால் தேவையே சுருங்குகிறது அல்லது பங்கிடப்படுகிறது. மூன்றாவது என்றால் உங்களைப் பற்றித் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியவில்லை. விளம்பரச் செலவை அதிகரிப்பது இந்த மூன்றாவது நிலைக்கு மட்டுமே ஓரளவு பயன்படும்.

இதற்கு ஒரு வாரம் போதும். அடுத்த வேலைக்கு ஒரு மாதம் ஆகும். அதைத் தவிர்க்கப் பலரும் பல காரணங்கள் சொல்வார்கள். விலகிப்போன வாடிக்கையாளர்களில் பத்துப் பன்னிரண்டு பேரையாவது நேரில் சந்தித்துப் பேச வேண்டும்.

உங்கள் தொழிலுக்கு மிக அருகிலிருந்த ஒரு நிறுவனத்துக்காக நான் இந்த வேலையைச் செய்தபோது, எல்லா ஆர்டரும் விலையால்தான் போகிறது என்று விற்பனைப் பிரிவு உறுதியாக நம்பியது. விலகிய வாடிக்கையாளர் ஒருவரின் கொள்முதல் அதிகாரியைச் சந்தித்து, கடைசியாக நாற்காலி வாங்கியபோது முதலிலிருந்து என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்து, என்னை வெளியே அழைத்துச் சென்றார். தாழ்வாரத்தின் மூலையில் ஒரு நாற்காலி சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தது. அதன் முதுகில் "உட்கார வேண்டாம்" என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அடியிலிருந்த கேஸ் லிஃப்ட், அதாவது இருக்கையை ஏற்றி இறக்கும் உருளை, பழுதாகி, உட்கார்ந்தால் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கிவிடுகிறது. அந்த ஒரு உதிரிபாகத்துக்காக ஏழு வாரம் காத்திருந்ததாகவும், டீலரை அழைத்தால் தொழிற்சாலையைக் கேட்கச் சொன்னதாகவும், தொழிற்சாலையை அழைத்தால் டீலரைக் கேட்கச் சொன்னதாகவும் அவர் சொன்னார். அடுத்த நாற்பது நாற்காலிகளை அவர் வேறிடத்தில் வாங்கியிருந்தார். எவ்வளவு குறைவாகக் கிடைத்தது என்று கேட்டேன். "குறைவாகக் கிடைக்கவில்லை, கூடுதலாகத்தான் கொடுத்தோம். பழுதானால் இரண்டு நாளில் மாற்று நாற்காலி வந்துவிடும் என்று எழுதிக் கொடுத்தார்கள்" என்றார். அந்த உரையாடலை நான் மறக்கவில்லை. அன்று விலையைக் குறைத்திருந்தால், ஏழு வாரக் காத்திருப்பு அப்படியே இருக்க, அதைச் சரிசெய்யத் தேவையான பணமும் கையைவிட்டுப் போயிருக்கும்.

இத்தகைய சந்திப்புகளுக்குச் சில கட்டுப்பாடுகள் தேவை. அந்தக் கணக்கைக் கவனித்துவந்த விற்பனைப் பிரதிநிதியை அனுப்பக் கூடாது. அவர் முன்னால் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். "ஏன் விலகினீர்கள்?" என்று நேராகக் கேட்கக் கூடாது, கேட்டால் "விலை" என்ற பதில் வரும், ஏனென்றால் யாரையும் புண்படுத்தாத பதில் அது. கடைசியாக வாங்கியபோது அந்த எண்ணம் எப்போது வந்தது, முதலில் யாரிடம் விசாரித்தார்கள், யார் ஒப்புதல் தர வேண்டியிருந்தது, எந்த இடத்தில் தயங்கினார்கள், பொருள் வந்த நாளில் என்ன நடந்தது என்று நடந்ததை நடந்தபடி சொல்லவைக்க வேண்டும். அங்கேயே தள்ளுபடி பேசித் திரும்ப இழுக்கப் பார்க்கக் கூடாது. பேசியவர்களின் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சொற்கள் பின்னால் விளம்பர வாசகம் எழுதும்போதும் உதவும்.

கேட்பது மட்டும் போதாது, எதைக் கேட்கிறோம் என்பதும் முக்கியம் என்பதற்கு கோகோ கோலா நிறுவனத்தின் 1985-ஆம் ஆண்டு அனுபவத்தைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரிடம் சுவைச் சோதனை நடத்தி, புதிய சுவையே பெரும்பாலோருக்குப் பிடித்திருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு, அவ்வாண்டு ஏப்ரல் 23-இல் பழைய சுவையை நிறுத்திப் புதியதை அறிவித்தார்கள். எதிர்ப்பு வலுத்து, 79 நாட்களில் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. எது சுவையாக இருக்கிறது என்பதே அந்தச் சோதனையின் கேள்வி. பழகிப்போன ஒன்றை அடியோடு எடுத்துவிட்டால் என்ன நினைப்பீர்கள் என்பதை அந்தச் சோதனை தெளிவாகக் கேட்கவில்லை. சோதனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை பெரியது என்பதாலேயே முடிவு சரியாகிவிடாது.

இனி விலைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் நிர்வாகத்தில் அதற்கே ஆதரவு அதிகம் என்று ஊகிக்கிறேன். நூறு அலகு விலையுள்ள ஒரு நாற்காலியில் மாறும் செலவு (ஒவ்வொரு நாற்காலி செய்யும்போதும் கூடும் செலவு) எழுபது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாற்காலியில் லாபம் முப்பது. விலையைப் பத்து விழுக்காடு குறைத்தால் விலை தொண்ணூறு, லாபம் இருபது. முன்பு கிடைத்த அதே மொத்த லாபத்தைப் பெறுவதற்கு மட்டும் ஐம்பது விழுக்காடு கூடுதலாக விற்க வேண்டும். இரண்டு நாற்காலி விற்ற இடத்தில் மூன்று. அந்த மூன்றாவது நாற்காலியை வாங்கப்போவது யார் என்று பெயர் சொல்ல முடியாவிட்டால், விலைக் குறைப்பு என்பது மிச்சமிருக்கும் வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாகவே முடியும். அதே கணக்கை மறுபக்கம் போட்டுப் பாருங்கள்: விலையைப் பத்து விழுக்காடு ஏற்றினால் லாபம் நாற்பது, விற்பனை நான்கில் ஒரு பங்கு குறைந்தாலும் மொத்த லாபம் குறையாது. விலையை ஏற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஏற்றுவதைப் பற்றி யாரும் பேசாமல் இறக்குவதைப் பற்றி மட்டும் பேசுவதற்கு நியாயம் இல்லை என்கிறேன்.

குறைந்த விலையில் போட்டியிட்டே ஆக வேண்டிய நிலையும் உண்டு. அப்போது விலைப்பட்டியலைத் திருத்தினால் போதாது, பொருளையே வேறு விதமாக வடிவமைக்க வேண்டும். 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ நிறுவனம், மின்கலத்தில் இயங்கும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழில் கடுமையாக அடிபட்டது. 1970-இல் சுமார் தொண்ணூறாயிரம் பேருக்கு வேலை தந்த அந்தத் தொழில், எண்பதுகளின் நடுவில் முப்பதாயிரத்துச் சொச்சம் பேராகச் சுருங்கியது. அதற்கு வந்த பதில்களில் முக்கியமானது 1983-இல் வெளியான ஸ்வாட்ச் என்ற பிளாஸ்டிக் கைக்கடிகாரம். வழக்கமான கடிகாரத்தில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பாகங்கள் இருக்க, இதில் 51 மட்டுமே இருந்தன. பிளாஸ்டிக் கூட்டையே அடித்தளமாக வைத்துத் தானியங்கி முறையில் பொருத்தினார்கள். விலை குறைந்தது, லாபம் குறையவில்லை. கூடவே, நேரம் பார்க்கும் கருவி என்ற நிலையிலிருந்து உடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் பொருளாக அதை முன்வைத்தார்கள். ஒருவர் இரண்டு மூன்று வாங்கக் காரணம் கிடைத்தது. உற்பத்தி முறை, விலை, வாங்குபவருக்கு அந்தக் கடிகாரம் தரும் அர்த்தம் ஆகிய மூன்றும் ஒரே திசையில் நகர்ந்தன. வணிக உத்தியையும் சந்தைப்படுத்தல் உத்தியையும் தனித்தனி ஆவணங்களாக, தனித்தனிக் கூட்டங்களில் எழுதுவது எனக்கு உடன்பாடில்லாததற்குக் காரணம் இதுவே.

இணையத்தில் இறங்குவதைப் பற்றிய பேச்சிலும் இதே ஒட்டுறவு வேண்டும். இப்போதுள்ள நாற்காலியை அப்படியே படம் எடுத்து விற்பனைத் தளத்தில் போடுவது எளிது. ஆனால் தனிநபர் வாங்கும் நாற்காலி ஒரு பெட்டிக்குள் மடங்கி வர வேண்டும். கருவிகளோடு பழக்கமில்லாத ஒருவர் ஒரே ஒரு திருகுசாவியால் அரை மணி நேரத்தில் பூட்டிவிட வேண்டும். பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினால் அந்தப் போக்குவரத்துச் செலவை யார் ஏற்பது என்ற கணக்கு முன்கூட்டியே விலையில் சேர்ந்திருக்க வேண்டும். நிறுவன வாடிக்கையாளர் அறுபது, தொண்ணூறு நாள் கடனில் வாங்குகிறார். ஆனால் உங்கள் ஆட்களே வந்து பொருத்துகிறார்கள், ஒரே பேச்சில் நாற்பது நாற்காலி போகிறது. தனிநபர் உடனே பணம் தருகிறார்; ஆனால் ஒரு நாற்காலிக்கு நான்கு கேள்வி கேட்கிறார், ஒரு கைப்பிடியில் கீறல் இருந்தால் அதைப் படத்தோடு எல்லோருக்கும் காட்டிவிடுகிறார். இவை இரண்டு வேறு தொழில்கள். ஒரே தொழிற்சாலை இரண்டையும் செய்யலாம், ஆனால் ஒரே குழு, ஒரே கிடங்கு, ஒரே விலைப்பட்டியலை வைத்துச் செய்ய முடியாது.

டீலர்களை என்ன செய்வது என்பது இதோடு சேர்ந்த கேள்வி. அவர்களுக்குத் தரும் விலையைவிடக் குறைவாக நீங்களே நேரடியாக விற்கத் தொடங்கினால், அடுத்த காலாண்டுக்குள் உங்கள் நாற்காலியைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டுப் போட்டியாளரின் நாற்காலியை முன்னால் வைப்பார்கள்; அதில் தவறும் இல்லை. நேரடி விற்பனைக்குத் தனி மாடல் வரிசை வைப்பது ஒரு வழி. அந்தந்தப் பகுதியில் பொருத்தும் பணியையும் பழுதுநீக்கத்தையும் டீலரிடமே ஒப்படைத்து, அதற்குத் தனிக் கட்டணம் தருவது இன்னொரு வழி. இரண்டாவது வழி எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது. பதினான்கு ஆண்டுகளில் நீங்கள் கட்டியெழுப்பியதில், இணைய விற்பனையாளர் எவரிடமும் இல்லாத ஒன்று, நேரில் சென்று சரிசெய்யக்கூடிய அந்த ஆள்பலம்தான்.

உத்தி என்று நான் சொல்வது இங்கேதான் தொடங்குகிறது. சந்திப்புகளும் கணக்கும் முடிந்த பிறகு, யாருக்காக உழைக்கப்போகிறோம், யாரை விட்டுவிடப்போகிறோம் என்ற இரண்டையும் எழுத வேண்டும். முதல் பாதியை எல்லோரும் எழுதுவார்கள், இரண்டாவதை எழுத மறுப்பார்கள். ஐம்பது இருக்கைக்கும் மேற்பட்ட அலுவலகங்களுக்கு இரண்டு நாள் பழுதுநீக்க உறுதியோடு விற்பதே நம் வழி என்று முடிவெடுத்தால், மிகக் குறைந்த விலையை மட்டும் தேடி வரும் டெண்டர்களில் கலந்துகொள்வதில்லை என்றும் முடிவெடுக்க வேண்டும். இல்லையென்றால், அந்த உறுதியைக் காப்பாற்ற வேண்டிய உதிரிபாக இருப்புக்கும் ஆட்களுக்கும் போக வேண்டிய பணம் டெண்டர் நஷ்டத்தில் கரையும்.

எழுதியதைவிட, பணமும் திறமையான ஆட்களும் எங்கே போகிறார்கள் என்பதே ஒரு நிறுவனத்தின் உண்மையான உத்தி. இன்டெல் தொடக்கத்தில் நினைவகச் சில்லுகளால் அறியப்பட்ட நிறுவனம். எண்பதுகளில் ஜப்பானிய உற்பத்தியாளர்களின் போட்டியால் அந்தத் தொழிலில் லாபம் வற்றியது. 1985-இல் நிறுவனத்தை நடத்திவந்த ஆண்டி குரோவும் கோர்டன் மூரும், தங்களை நீக்கிவிட்டு இயக்குநர் குழு புதியவர் ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று தங்களையே கேட்டுக்கொண்டு, நினைவகத் தொழிலைவிட்டு வெளியேறத் தீர்மானித்ததாகச் சொல்லப்படுவது பலருக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாதது, அதற்கு முன்பே தொழிற்சாலைகளில் நடந்துகொண்டிருந்தது. எந்தச் சில்லு கூடுதல் லாபம் தருகிறதோ அதற்கே உற்பத்தித் திறனில் முன்னுரிமை என்ற விதி அங்கே இருந்தது; அந்த விதியின்படி இடைநிலை மேலாளர்கள் ஏற்கெனவே உற்பத்தியின் பெரும்பங்கை, கணினியின் மூளையான நுண்செயலிகளுக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். தலைமை மனதளவில் முடிவெடுக்குமுன்பே, ஒரு எளிய ஒதுக்கீட்டு விதி நிறுவனத்தைச் சரியான பக்கம் திருப்பியிருந்தது. உங்கள் நிறுவனத்திலும் அப்படி ஒரு விதியை வகுத்துக்கொள்ளலாம்: மாதத்தில் கிடைக்கும் உற்பத்தி நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு எந்த ஆர்டர் அதிக லாபம் தருகிறதோ, அதற்கே முதல் இடம். அந்தப் பட்டியலை ஒரு முறை போட்டுப் பார்த்தாலே சில ஆச்சரியங்கள் இருக்கும். சத்தம் போட்டுக் கேட்கும் பெரிய வாடிக்கையாளர் கடைசியில் இருக்கக்கூடும்.

எதிர்காலம் எப்படிப் போகும் என்று தெரியாதபோது உத்தி எதற்கு என்று கேட்கலாம். ஒரே ஒரு கணிப்பை நம்பி முழுப் பணத்தையும் போடுவதற்கும், கணிப்பே செய்யாமல் இருப்பதற்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் திட்டமிடல் பணியிலிருந்த பியர் வாக்கும் அவர் குழுவினரும், எண்ணெய் விலை வழக்கம்போலவே இருக்கும் என்ற ஒற்றைக் கணிப்போடு நிற்காமல், விலை திடீரென உயரக்கூடிய எதிர்காலத்தையும் விரித்து எழுதி, அப்போது என்ன செய்வீர்கள் என்று மேலாளர்களைச் சிந்திக்கவைத்தார்கள். 1973 அக்டோபரில் நெருக்கடி வந்து, சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானபோது, அதைப் பற்றி முன்கூட்டியே யோசித்திருந்த நிறுவனமாக ஷெல் இருந்தது. நடுத்தர நிறுவனத்துக்கு இதற்கு ஒரு நாளும் மூன்று தாள்களும் போதும். அலுவலகங்கள் பழையபடி நிரம்பினால், பாதியளவிலேயே நின்றால், மேலும் சுருங்கினால் என்று மூன்று நிலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும், அது வந்துகொண்டிருக்கிறது என்பதை முன்கூட்டியே காட்டும் அறிகுறி எது என்றும் எழுதுங்கள்: புதிய அலுவலகக் குத்தகைகளின் பரப்பளவு, வாடிக்கையாளர் ஒருவரின் சராசரி ஆர்டர் அளவு, பழைய தளவாடங்களை விற்க வருவோரின் எண்ணிக்கை போன்றவை. மூன்றிலும் நல்லதாக இருக்கும் செலவை உடனே செய்யலாம். உதிரிபாக இருப்பும் பழுதுநீக்க ஏற்பாடும் அத்தகையவை. ஒன்றில் மட்டும் பலன் தரும் பெரிய முதலீட்டை அறிகுறி தெரியும்வரை தள்ளிவைக்கலாம்.

முடிவெடுத்த பிறகும் ஒரேயடியாக எல்லா இடத்திலும் மாற்றிவிடக் கூடாது. ஆப்பிள் நிறுவனத்தின் சில்லறை விற்பனை நிலையங்களை உருவாக்கிப் பெயர் பெற்ற ரான் ஜான்சன், 2011-இன் இறுதியில் ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கப் பல்பொருள் அங்காடித் தொடரின் தலைமைப் பொறுப்பை ஏற்று, கூப்பன்களையும் அடிக்கடி வரும் தள்ளுபடி விற்பனைகளையும் நீக்கி, எப்போதும் ஒரே நியாயமான விலை என்ற முறையைக் கொண்டுவந்தார். யோசனை நேர்மையானது. ஆனால் சில கிளைகளில் சோதித்துப் பார்க்காமல் தொடர் முழுவதும் ஒரே நேரத்தில் செயல்படுத்தினார். தள்ளுபடியைத் தேடிப் பிடிப்பதையே மகிழ்ச்சியாகக் கருதிப் பழகியிருந்த வாடிக்கையாளர்கள் வரவில்லை. 2012 நிதியாண்டில் விற்பனை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சரிந்தது. 2013 ஏப்ரலில் அவர் விலக நேர்ந்தது. உங்களிடம் எத்தனை டீலர்கள் இருந்தாலும், இரண்டு பகுதிகளில் மட்டும் மூன்று மாதம் பழுதுநீக்க உறுதியை அறிவித்துப் பாருங்கள். ஏறத்தாழ அதே அளவுள்ள வேறு இரண்டு பகுதிகளை மாற்றாமல் விடுங்கள். மறு ஆர்டர்களின் எண்ணிக்கையில் என்ன வேறுபாடு வந்தால் விரிவுபடுத்துவோம், என்ன வந்தால் கைவிடுவோம் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்திட்டுவிடுங்கள். பிறகு எழுதினால், வந்த எண்ணுக்கு ஏற்ற காரணத்தை நம் மனமே தயாரித்துக் கொடுத்துவிடும்.

விளம்பரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சொல்வதற்கு உறுதியான ஒன்று கையில் வந்த பிறகே அதற்குச் செலவு செய்யுங்கள். "தரமே எங்கள் அடையாளம்" போன்ற, போட்டியாளரும் அப்படியே சொல்லக்கூடிய வாசகத்துக்குப் பணம் போடாதீர்கள். ஒரு புதிய வாடிக்கையாளரைப் பிடிக்க ஆகும் மொத்தச் செலவு, அவரிடம் முதல் ஓராண்டில் கிடைக்கும் மொத்த லாபத்தைத் தாண்டினால் நிறுத்தி யோசியுங்கள். முதல் செய்தி புதியவர்களுக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர்களுக்கே போகட்டும்.

கடினமான ஒரு சாத்தியத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. சந்திப்புகளின் முடிவில், உங்களிடம் குறையொன்றும் இல்லை, தேவையே நிரந்தரமாகக் குறைந்துவிட்டது என்று தெரியவரலாம். அப்போது சந்தைப்படுத்தலால் அதைத் தடுக்க முடியாது. கோடாக்கைப் போலவே படச்சுருளை நம்பியிருந்த ஃபியூஜிஃபிலிம், ஷிகேடகா கொமோரியின் தலைமையில் 2006-இல் படச்சுருள் பிரிவில் சுமார் ஐயாயிரம் பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. அதே காலத்தில், படச்சுருள் செய்த அனுபவத்தில் சேர்ந்திருந்த வேதியியல் அறிவையும் மெல்லிய படலம் பூசும் திறனையும் எல்சிடி திரைகளுக்கான படலங்களுக்கும் மருந்துத் துறைக்கும், 2007-இல் அஸ்டாலிஃப்ட் என்ற சருமப் பராமரிப்பு வரிசைக்கும் திருப்பியது. அந்த மாற்றம் அங்கே வேலை இழந்தவர்களுக்கு இலகுவாக இருந்திருக்காது. கையில் பணம் இருந்தபோதே அதைத் தொடங்கியதால்தான் மற்றவற்றில் முதலீடு செய்ய முடிந்தது. உங்களுக்கும் அந்தக் கேள்வி வரலாம்: நாற்காலி என்ற பொருளைக் கழித்துவிட்டால், உலோகக் குழாய் வளைப்பதிலும், நுரை வார்ப்பதிலும், துணி தைத்துப் போர்த்துவதிலும் உங்கள் ஆட்களுக்கு இருக்கும் கைத்திறன் வேறு யாருக்குத் தேவைப்படும்? மருத்துவமனைக் கட்டில், வாகன இருக்கை, பழைய நாற்காலிகளைப் புதுப்பித்துத் தரும் பணி என்று மூன்று நான்கு திசைகள் எனக்கே தோன்றுகின்றன. உங்கள் தொழிற்சாலைத் தளத்தில் இருப்பவர்களைக் கேட்டால் இன்னும் சில கிடைக்கும். விலகிய வாடிக்கையாளர்களைச் சந்திக்கும் அதே மாதத்தில் இந்தத் தொழிலாளர்களையும் உட்காரவைத்துக் கேட்டு, அந்தப் பட்டியலையும் வாடிக்கையாளர் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த நிர்வாகக் கூட்டத்தைத் தொடங்குங்கள். விலையா, விளம்பரமா, இணையமா என்ற கேள்வியை அப்போது எடுத்துக்கொள்ளலாம்.